ஐந்து வருஷமும் ஆறு நாளும்

1980ஆம் வருஷம் மாசி மாதம் ஒன்பதாம் தேதி காலை எட்டரை மணிக்கு, செத்துப்போய் மூன்று வருஷமாகியிருந்த கீரைக்காரி அம்மாக்கண்ணு, பெரம்பலூரில் ஒரு எக்கோ பெட்டிக்குள்ளிருந்து புளிச்சக் கீரை விற்றாள். கட்டு அஞ்சு பைசா என்று இரண்டு முறை கூவினாள். அன்றைக்குக் கடைத்தெருவில் ஒரு கட்டுக் கீரை பதினைந்து பைசா. பெட்டிக்கு எதிரே கிட்டாரை மடியில் வைத்திருந்த தாஜுதீனுக்கு அம்மாக்கண்ணுவைத் தெரியாது. அவன் லப்பைக்குடிக்காட்டுக்காரன்; அவள் அரியலூரைத் தாண்டிப் போகாதவள். அதனால் அவன் அதைப் பேய் என்று நினைக்கவில்லை, ரிப்பேர் என்று நினைத்தான். பெட்டியைச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு, அதைச் செய்த இடத்துக்கே எடுத்துப் போனான்.

செய்த இடம் அரியலூர் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த வைத்திலிங்கம் ரேடியோ கடை. வைத்திலிங்கம் காது வைத்துக் கேட்டால் எந்த வால்வு போயிருக்கிறது என்று மூடியைத் திறக்காமலே சொல்லிவிடுவார் என்று செந்துறை வரைக்கும் பேச்சு. 1971 வரைக்கும் அந்தப் பேச்சு உண்மைதான். அந்த வருஷம் செந்துறைப் பக்கம் ஒருவருடைய ரேடியோவைக் கொடுத்துவிட்டு வரப் போனவர், அந்த வீட்டார் புதிதாக வெட்டிக்கொண்டிருந்த கிணற்றின் மேட்டில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தபோது, பாறைக்கு வைத்த வெடி நேரத்துக்கு முன்னால் வெடித்தது. காயம் ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்து, ஏன் எல்லாரும் ரகசியம் பேசுகிறீர்கள் என்று கேட்டார். ஒரு மாதத்தில் ரகசியமும் கேட்கவில்லை.

காது போன ரேடியோக்காரரிடம் யார் ரேடியோ கொடுப்பார்கள், பொம்பளை ரிப்பேர் பார்க்கிற கடைக்கு யார் வருவார்கள். இந்த இரண்டு கேள்வியையும் அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. அதற்குள் பதில் நடைமுறைக்கு வந்துவிட்டது. அவர் மனைவி அம்சவள்ளி கல்யாணமாகி எட்டு வருஷம் அவருக்கு ஈயம் நீட்டியும் டார்ச் பிடித்தும் வேலையை அறிந்துவைத்திருந்தாள். இப்போது பெஞ்சில் அவருக்கு எதிரே ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டாள். ஆள் வந்து குறையைச் சொன்னதும், அவள் புருஷன் முகத்துக்கு நேராக நின்று, "கரகரங்குதா? மழையில நனைய வுட்டீங்களா?" என்று வந்தவரைக் கண்டிப்பதுபோலச் சொல்வாள். அவர் அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டு தலையாட்டுவார். அரியலூரில் அவளுக்கு வாயாடி என்று பேர் வந்தது இப்படித்தான். சுபாவத்தில் அவள் பேசாதவள். பெஞ்சுக்கு அடியில் அவள் கால் அவர் காலின் மேல் இருக்கும். ஒரு மிதி என்றால் கரகரப்பு. இரண்டு மிதி என்றால் உறுமல். மூன்று மிதி என்றால் நிறுத்துங்கள். கடை மூடிய பிறகு அவள் எல்லா ரேடியோவையும் திறந்து சரி செய்வாள். காலையில் அவர் அவற்றைத் துடைத்துக் கொடுப்பார். ஊர் அவரை மெச்சும்போது அவர் தலையாட்டுவது நின்றுபோகும். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

கிட்டத்தட்ட நாலு வருஷம் இப்படிப் போனது. 1974 கடைசியில் தாஜுதீன் வந்தான். குவைத்திலிருந்த அவன் அண்ணன் சைபுல்லா அவனுக்கு ஒரு கிட்டாரும் டேப்ரிக்கார்டரும் ஒரு கேசட்டும் அனுப்பியிருந்தார். கேசட்டில் யாரோ வெளிநாட்டுக்காரர் கிட்டார் வாசித்தார். ஒவ்வொரு தட்டும், நிரம்பின கிணற்றில் கல் விழுந்த மாதிரி, விழுந்த பிறகும் சுற்றிக்கொண்டே இருந்தது. பெரம்பலூரில் தர்மன் நடத்திய மெல்லிசைக் குழுவில் தாஜுதீன் வாசிப்பது தகரத்தில் ஆணி அடிக்கிற மாதிரி இருக்கிறது என்று தர்மனே சொல்லியிருந்தான். மெக்கானிக் அண்ணே, எனக்கு இந்தச் சத்தம் வேணும் என்றான் தாஜுதீன். வைத்திலிங்கம் தலையாட்டினார். ஒப்புக்கொண்டது என்ன என்று அவருக்குத் தெரியவில்லை. ஒப்புக்கொண்டாயிற்று.

அம்சவள்ளி அந்தக் கேசட்டை நாற்பது ஐம்பது முறை கேட்டாள். திருச்சியிலிருந்து எடைக்கு வாங்கின பழைய ரேடியோப் புத்தகங்களில் ஒரு படம் கிடைத்தது. விஷயம் எளிது. சத்தத்தை ஒரு ஸ்பிரிங்கின் ஒரு முனையில் நடுங்க விட வேண்டும். மறுமுனையில் பிடிக்க வேண்டும். நடுக்கம் ஸ்பிரிங்கில் போய்ப் போய் வருவதால் கொஞ்சம் கொஞ்சமாகத் தாமதித்து வந்து சேரும். அந்தத் தாமதம்தான் எக்கோ. நடுங்க வைக்க ஒரு வால்வு, வந்ததைப் பெரிதாக்க ஒரு வால்வு, நடுவில் ஸ்பிரிங்குகள். அனுப்புகிற முனைக்குப் பழைய ஹெட்போனின் செப்புச் சுருள், பிடிக்கிற முனைக்கு கிராமபோனின் ஊசித்தலை. வால்வுகள் அவளிடமே இருந்தன. ஸ்பிரிங்தான் எங்கும் கிடைக்கவில்லை. தாஜுதீனின் கிட்டார்க் கம்பிகளில் மிக மெல்லியதை எடுத்து, சைக்கிள் சக்கரத்தின் போக்ஸ் கம்பியின் மேல் சுற்றி, வைத்திலிங்கம் அதைச் செய்தார். காது வேண்டாத வேலை அது ஒன்றுதான்.

மூன்று ஸ்பிரிங் சுற்றி மாட்டிய அன்று, அவர் ஒரு விரலை ஸ்பிரிங்கின் மேல் வைத்துக்கொண்டு தாஜுதீனைக் கிட்டாரைத் தட்டச் சொன்னார். தட்டியதும், மேல் கம்பி என்றார். அடுத்ததற்கு, கீழேயிருந்து ரெண்டாவது என்றார். சரியாக இருந்தது. தாஜுதீன் அதைப் பெரிய மெக்கானிக்குகளின் வித்தை என்று நினைத்தான். அம்சவள்ளிக்கு விளங்கியது. நாலு வருஷத்துக்குப் பிறகு அவருக்குள் ஏதோ கேட்டிருக்கிறது. அதற்கு அவள் கால் தேவைப்படவில்லை. அவர் சிரித்தார். அவளுக்கும் சிரிக்க வேண்டும்போலத்தான் இருந்தது. பெஞ்சுக்கு அடியில் தன் கால் சும்மா கிடப்பதை அவள் கவனித்துக்கொண்டிருந்தாள்.

பெட்டியில் லேசான உறுமல் இருந்தது. அதை அடக்க அடியில் கனமாக ஏதாவது வேண்டும் என்று, சுண்ணாம்புக்கல் வெட்டுகிற பக்கமிருந்து வைத்திலிங்கம் ஒரு பலகைக் கல் கொண்டுவந்தார். அதன் நடுவில் கையகல நத்தை ஒன்று கல்லாகிச் சுருண்டிருந்தது. அரியலூர்க் கல்லில் அது சகஜம். ஒரு காலத்தில் அங்கே கடல் இருந்தது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருகிறார்கள். ஸ்பிரிங் மாட்டின சட்டத்தை அந்த நத்தையின் மேல் திருகி இறுக்கினார்கள். 1975 மாசி மூன்றாம் தேதி காலை எட்டு மணிக்கு முதல் தடவை கரண்ட் கொடுத்தார்கள். எக்கோ வந்தது. சற்று உப்பு வாசனையும் வந்தது. வால்வு சூட்டில் அப்படி வரும் என்று விட்டுவிட்டார்கள். அதன் பிறகு முப்பத்தொன்பது நாள் பெட்டியும் அதோடு சேர்ந்த மைக்கும் கடையிலேயே இருந்தன. குறையும் கூடுதலுமாகத் திருத்தினார்கள்.

கடைசி நாள் பங்குனி பன்னிரண்டு. மறுநாள் தாஜுதீன் எடுத்துக்கொள்ள வருவதாக இருந்தான். இரவு ஏழு மணி பத்து நிமிஷம். வைத்திலிங்கம் டீ குடிக்கப் போயிருந்தார். அம்சவள்ளி கடைசியாக ஒருமுறை மைக்கைச் சோதிக்க நினைத்தாள். மைக்கைச் சோதிக்கிறவர்கள் ஒன் டூ த்ரீ என்பார்கள். கோயில் திருவிழாவுக்கு மைக் செட் கட்டுகிற ஆண்கள் சொல்வதை அவள் கேட்டிருக்கிறாள். அதைத் தானும் சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்தது, அவர்கள் சட்டையை எடுத்துப் போட்டுக்கொள்கிற மாதிரி. வேறு என்ன சொல்வது என்று தெரியாமல் தன் பேரைச் சொன்னாள். பேரைச் சொன்னதும் மற்றது தானாக வந்தது. மூன்று வாக்கியம். எக்கோ அந்த மூன்றையும் அவளுக்கே திருப்பிச் சொன்னது. சுவிட்சை அணைத்துவிட்டு உள்ளே போய் உலையில் அரிசியைப் போட்டாள். கொஞ்ச நேரம் நெஞ்சு லேசாக இருந்தது. பிறகு பழையபடி ஆனது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது, காற்றோடு போன பேச்சு.

பெட்டி நன்றாக உழைத்தது. தர்மன், "நான் ஒருத்தன் பாடுறேன், ரெண்டு பேரு பாடுன மாதிரி கேக்குது. சம்பளமும் ரெண்டு பேருக்கு வேணும்யா" என்று ஊர் ஊராகச் சொன்னான். வைத்திலிங்கத்தின் பேர் பெரம்பலூரிலும் பரவியது. ஐந்து வருஷம் போனது. அதன் பிறகுதான் அம்மாக்கண்ணு கீரை விற்றாள்.

தாஜுதீன் சாக்கைப் பிரித்துப் பெட்டியை வைத்து, அக்கா, பொட்டிக்குள்ள ரேடியோ ஸ்டேஷன் பிடிக்குது போல, பாருங்க என்றான். அம்சவள்ளி அதை ஒரு ஸ்பீக்கரில் மாட்டிவிட்டு உட்கார்ந்தாள். பத்தே காலுக்கு ஒரு கூட்ஸ் வண்டி ஊதிக்கொண்டு போனது. கேட் திறந்தே இருந்தது, வண்டி ஏதும் இல்லை. பதினொன்றுக்கு யாரோ நாலு தும்மல் தும்மினார்கள். அது தன் தும்மல் என்று அவளுக்குத் தெரிந்தது. மறுநாள் காலை எட்டரைக்கு, கட்டு அஞ்சு பைசா. முதல் தடவை கரண்ட் கொடுத்த தேதியை அவள் ஒரு வால்வு அட்டைப் பெட்டியில் எழுதி வைத்திருந்தாள், அதைப் பார்த்தாள். அம்மாக்கண்ணு அஞ்சு பைசாவுக்குக் கீரை விற்ற வருஷத்தை நினைத்துப் பார்த்தாள். கணக்கு ஐந்து வருஷமும் ஆறு நாளும் என்று வந்தது. பெட்டிக்குள் போன எதுவும் உடனே ஒருமுறை வருகிறது. ஐந்து வருஷமும் ஆறு நாளும் கழித்து, அதே நிமிஷத்தில், மறுபடி வருகிறது. கல் காரணமா, கம்பி காரணமா என்று பின்னாளில் பலரும் பேசினார்கள். அம்சவள்ளி அதில் நேரம் செலவிடவில்லை. அவள் விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள். பங்குனி பதினெட்டு, ஏழு மணி பத்து நிமிஷம். அன்றைக்குப் பங்குனி உத்திரம். செட்டிகுளம் மலைக்கோயில் திருவிழாவில் தர்மன் குழுவுக்குக் கச்சேரி பேசி முடிந்திருந்தது.

பெட்டி கடையிலேயே இருந்த அந்த நாட்களில் அம்மாக்கண்ணுவின் மகள் பச்சையம்மாள் தினமும் காலை எட்டரைக்கு வந்து பெட்டிக்கு முன்னால் குந்திக்கொள்வாள். அம்மா கூவி முடித்ததும் எழுந்து வேலைக்குப் போவாள். ஒருநாள் கூவல் வரவில்லை. என்ன அக்கா, அம்மா இன்னைக்கு வரலியே என்று கேட்டாள். அம்சவள்ளி யோசித்து, அன்னைக்கு உங்கம்மாவுக்குக் காய்ச்சல், நான்தான் கஷாயம் வச்சுக் குடுத்தேன் என்றாள். பச்சையம்மாள் சரி என்று போனாள். மறுநாள் அம்மாக்கண்ணு வந்தாள், குரல் கம்மியிருந்தது.

பெட்டியை அணைத்து வைத்தாலும் ஸ்பிரிங் நடுங்கும், ஆனால் கொசுச் சத்தம்தான் வரும் என்பதை அம்சவள்ளி கண்டுபிடித்துவிட்டாள். ஆகவே செய்ய வேண்டியது சின்ன வேலை. பதினெட்டாம் தேதி ஏழு பத்துக்குப் பெட்டி அணைந்திருந்தால் போதும், அந்த மூன்று வாக்கியமும் இன்னொரு ஐந்து வருஷத்துக்கு உள்ளே போய்விடும். தாஜுதீனிடம் அன்றைக்குப் பெட்டி வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். அவன் கேட்கவில்லை. இன்ஷா அல்லா ஒண்ணும் ஆவாதுக்கா, கீரைக்காரம்மா காலையிலதான வருது, கச்சேரி சாயங்காலம்தான என்றான். அவள் ஒரு செத்த வால்வை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். கச்சேரியில் உதவிக்கு என்று போய், ஏழு மணிக்குள் மாற்றிவிட வேண்டும்.

அந்த முடிச்சோடு அவள் பத்து நாள் நடந்தாள். எதற்குப் பயப்படுகிறோம் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். அவர் தலைகுனிவார் என்பதற்கு. அது உண்மைதான். ஆனால் அதற்குக் கீழே இன்னொன்று இருந்தது: ஊரே கேட்டுவிட்டு, அதிர்ந்து போகாமல், சரி என்று அடுத்த பாட்டுக்குக் காத்திருந்தால் என்ன செய்வது. ஒன்பது வருஷம் அவள் கட்டிக் காத்தது யாருக்கும் ஒரு பொருட்டே இல்லை என்று தெரிந்துவிட்டால். அதற்கும் கீழே போய்ப் பார்க்க அவளுக்கு மனமில்லை. அங்கே, அந்தக் குரல் வெளியே வரட்டும் என்று ஒரு ஆசை உட்கார்ந்திருந்தது. அவள் அதற்கு முகம் கொடுக்காமல் பாத்திரம் தேய்த்தாள்.

பங்குனி உத்திரத்தன்று வைத்திலிங்கமும் கிளம்பினார். எதற்கு என்று உதட்டசைவில் கேட்டாள். "நம்ம பொட்டி, நான் பக்கத்துல இருக்க வேணாமா?" என்றார். செட்டிகுளத்தில் மெக்கானிக் அண்ணனுக்கு மேடையிலேயே நாற்காலி போட்டார்கள். அவர் பெட்டியின் மூடியைத் திறந்து, உள்ளங்கையைச் சட்டத்தின் மேல் வைத்துக்கொண்டு, கச்சேரி முழுக்க அப்படியே உட்கார்ந்தார். அம்சவள்ளி பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். ஆறே முக்காலுக்கு வால்வைப் பார்க்க வேண்டும் என்று கை நீட்டினாள். அவர் நன்றாகத்தான் இருக்கிறது என்று தலையசைத்தார். ஏழு மணிக்கு மறுபடி நீட்டினாள். அவர் கையை எடுக்கவில்லை. ஏழு எட்டுக்கு ஒரு பாட்டு முடிந்து கைதட்டினார்கள். தர்மன் தண்ணீர் குடித்தான். அம்சவள்ளி தன் காலை அவர் காலின் மேல் வைத்து மூன்று மிதி மிதித்தாள். நிறுத்துங்கள். அவர் திரும்பி அவளைப் பார்த்தார். அவள் மறுபடி மூன்று மிதி மிதித்தாள். அவர் பெட்டியில் சத்தம் கூட்டுகிற நடுக் குமிழைப் பிடித்து, வலது பக்கம் கடைசி வரைக்கும் திருகினார்.

மரத்தில் கட்டியிருந்த நாலு குழாய் ஸ்பீக்கரிலும் அம்சவள்ளியின் குரல் வந்தது. முப்பத்தொரு வயசுக் குரல்.

"அம்சவள்ளி. கடையில ரேடியோவெல்லாம் பாக்குறது நான்தான். அவருக்குக் காது கேட்டு நாலு வருஷம் ஆச்சு."

எக்கோ ஓய்வதற்குச் சற்று நேரம் பிடித்தது. மலை அதைத் தன் பங்குக்கு ஒருமுறை சொன்னது. காற்றில் கடற்கரை மீன் வாசனை அடித்ததாகக் கீழே கடை போட்டிருந்தவர்கள் சொன்னார்கள். முன்வரிசையில் அரியலூர்க்காரர் ஒருவர் பக்கத்து ஆளிடம், "அதான பாத்தேன், அந்தம்மா ஏன் ஓயாம அவரு காலை மிதிக்குதுன்னு" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். தர்மன் வைத்திலிங்கத்தைப் பார்த்தான், அம்சவள்ளியைப் பார்த்தான், பிறகு அடுத்த பாட்டை ஆரம்பித்தான். தாஜுதீன் முதல் இரண்டு வரிக்குக் கிட்டாரைத் தொடவே இல்லை.

கடைசி பஸ்ஸில் இரண்டு பேருக்கும் உட்கார இடம் கிடைத்தது. விளக்கு எரிந்ததால் அவர் அவள் உதட்டைப் பார்க்க முடிந்தது. பெரம்பலூர் தாண்டியதும் அவர்தான் பேசினார்.

"அன்னைக்கு டீ குடிச்சுட்டு வந்தேன். நீ உள்ள உலை வச்சுட்டிருந்த. பொட்டியில விரலை வச்சேன். ஸ்பிரிங்கு அடங்கல."

"அப்பவே தெரியுமா?"

"நீ என்ன சொன்னேன்னு தெரியல. பேரு தெரிஞ்சுது. நீ எனக்குன்னு சொன்னதில்லன்னும் தெரிஞ்சுது. இந்த ஒரு மாசமாத்தான் தேதிய எண்ணுனேன்."

"அப்புறம் ஏங்க அதைக் கூட்டி வச்சீங்க?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "எனக்கும் கேக்கணும்ல" என்றார். அவளுடைய பதிலைப் பார்க்க அவர் திரும்பவில்லை. அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து அந்தச் செத்த வால்வை எடுத்தாள். எங்கே வைப்பது என்று தெரியாமல், அரியலூர் வரும் வரைக்கும் கையிலேயே வைத்திருந்தாள்.

மறுநாள் காலையில் செந்துறையிலிருந்து சாமிதுரை என்பவர் ரேடியோ கொண்டுவந்தார். பெஞ்சில் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தவர், யோசித்து, அதை அவள் பக்கம் நகர்த்தினார். ஒரு வாரம் வியாபாரம் குறைந்திருந்தது, பிறகு பழைய அளவுக்கு வந்தது. கடையின் பெயர்ப் பலகையை மாற்றவில்லை. பெயின்டர் கேட்ட தொகை அதிகம். அம்சவள்ளி பேச்சைக் குறைத்துக்கொண்டாள். அவள் கர்வம் பிடித்தவள் என்று அதற்கும் ஒரு பேர் வந்தது. பெஞ்சுக்கு அடியில் அவள் கால் அவர் காலின் மேல்தான் இருந்தது, பழக்கம். தர்மன் குழுவில் பெட்டி வழக்கம்போல ஓடியது. இப்போது அதிலிருந்து ஐந்து வருஷத்துக்கு முந்தைய கச்சேரிகள் வந்தன. தர்மன் பழைய நோட்டைப் பார்த்து, எந்த நாளில் எந்தப் பாட்டு வரும் என்று அறிந்து, அதே பாட்டையே வைத்துக்கொண்டான். தாஜுதீன் தன்னோடு தானே சேர்ந்து வாசித்தான். இளையவன் இரண்டு இடத்தில் தப்பு விடுவான். மூத்தவன் அந்த இடங்களில் சத்தத்தைக் கூட்டி மறைப்பான்.

1984இல் சைபுல்லா குவைத்திலிருந்து கையடக்கமான எக்கோ மிஷின் ஒன்று கொண்டுவந்தார். பழைய பெட்டி அரியலூருக்கே திரும்பி வந்தது. அம்சவள்ளி அதை அலமாரியில் ஏற்றாமல் பெஞ்சின் ஓரத்தில் கரண்டில் மாட்டி வைத்தாள். மறு வருஷம் பங்குனி இருபத்து நாலாம் தேதி ஏழு மணி பத்து நிமிஷத்துக்கு அந்த மூன்று வாக்கியமும் மறுபடி வந்தன. வைத்திலிங்கம் விரலை ஸ்பிரிங்கில் வைத்துக்கொண்டிருந்தார். அந்தக் குரல் எவ்வளவு பயந்திருக்கிறது என்று அம்சவள்ளிக்கு அன்றைக்குத்தான் கேட்டது. அந்தப் பெண்ணுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்கலாம்போல இருந்தது. ரிப்பேருக்குக் கொடுத்த ரேடியோவைக் கேட்டு கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து வந்திருந்த மாயவன், குரல் முழுக்க ஓயும்வரை மரியாதையாகக் காத்திருந்தார்.

"அது தெரிஞ்சதுதானேம்மா. நம்ம செட்டு எப்ப ரெடியாவும்?"

வியாழக்கிழமை வாங்க என்றாள் அம்சவள்ளி. மாயவன் வியாழக்கிழமை வந்து வாங்கிக்கொண்டு போனார்.